காலைச் சுவரும் மாலைச் சுவரும்

அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். "தராசுக்கு ரெண்டு தட்டும் காலியா இருந்தாத்தான் நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி ஒருநாளும் கிடைச்சதில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாலம் கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டுப் பொறியியல் படித்த பெண்மணி. மாநகராட்சியில் சேர்ந்து பாதி ஆயுள் போய்விட்டது; இன்றுவரை ஒரு பாலமும் கட்டவில்லை. பாலம் என்ன, ஒரு படிக்கட்டுகூட அவர் கையால் வரையப்படவில்லை. வரைகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் அவர் உத்தியோகம். நன்றாகச் சமைக்கத் தெரிந்த ஒருவரைப் பந்தியில் நிறுத்தி, யார் சமைக்கலாம் என்று சொல்லும்படி கேட்பதைப் போன்ற ஏற்பாடு அது. அவர் அதில் குறை கண்டதாகத் தெரியவில்லை.

பெரிய வேலை என்றால் மாநகராட்சி ஊரைக் கூட்டி டெண்டர் விடும். சக்கர நாற்காலி ஏறுவதற்கு நடைபாதையில் ஒரு சரிவு, மழைநீர்க் கால்வாய்க்கு ஒரு மூடி, பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு கூரை என்று வருகிற சில்லறை வேலைகளுக்கெல்லாம் அப்படிக் கூட்டினால், வேலையைவிட விளம்பரம் பெரிதாகிவிடும். அதனால் வெளியிலிருக்கும் ஆலோசகர்களின் தகுதியை முன்கூட்டியே சோதித்து, ஒரு குழுவாக வைத்திருப்பார்கள். வேலை வரும்போது யார் முறையோ அவரைக் கூப்பிடுவார்கள். மாடிக்கு மாடி பொறியாளர்கள் உட்கார்ந்திருக்கும் கட்டடம், ஒரு சுவரைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைக்கும். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் உள்ளே இருப்பவர் சொன்னால் அது மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னதாகிவிடும். வெளியாள் சொன்னால்தான் அது கருத்து.

பேருந்து ஓட்டுநரான அவர் கணவர் இதை வேறு மாதிரிப் புரிந்துவைத்திருந்தார். "நம்ம வீட்டு ஃபேன்ல சத்தம் வருதுன்னு நான் ஒரு வருஷமா சொன்னேன், உன் காதுல ஏறல. பக்கத்து வீட்டுக்காரர் வந்து அதையே சொன்னாரு, மறுநாளே ஆளக் கூப்பிட்டே. உன் ஆபீஸும் அப்படித்தான்."

"அவர் ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்துட்டுச் சொன்னாருங்க. நீங்க படுத்துக்கிட்டே சொன்னீங்க."

தராசின் நேர்மை சில சமயம் தாங்க முடியாததாக இருக்கும். ஆலோசகர் யாராவது தேநீர் வாங்கிக் கொடுத்தால் குடிக்கமாட்டார், அது சகஜம். இவர் ஒரு படி மேலே. ஆலோசகர் தேநீர் குடிக்கும் கடையிலேயே குடிக்கமாட்டார். ஒரே வேலையைப் பற்றி இரண்டு பேரிடம் கருத்துக் கேட்டிருந்தால், அந்த இருவரும் லிஃப்டில்கூட எதிர்ப்படக் கூடாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டுவிட்டால் இரண்டாவது கருத்து முதல் கருத்தின் எதிரொலியாகிவிடும் என்பார். அதில் உண்மை இருந்தது. அந்த உண்மைதான் ஒரு தெருவையே காலி செய்யப் பார்த்தது.

நகரத்தின் வடபகுதியில் ஒரு மேடு. மேட்டின் சரிவை ஒரு கருங்கல் சுவர் தாங்கிக்கொண்டிருந்தது. சுவரின் அடியில் ஒரு குறுகிய தெரு. சில வீடுகள், ஒரு முடிதிருத்தும் கடை. சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். ஒவ்வோர் ஆண்டும் மாநகராட்சி ஆட்கள் வந்து அதில் சிமெண்ட் பூசிவிட்டுப் போவார்கள். ஒவ்வோர் ஆண்டும் விரிசல் திரும்ப வரும். தெருக்காரர்களுக்கு அது பழகிப்போன விருந்தாளி. தலைமைப் பொறியாளர் புதிதாக வந்தவர். அவருக்கு அது பழகவில்லை.

"நிபுணரக் கூப்பிட்டுக் கேளும்மா. ஆபத்துன்னா தெருவக் காலி பண்ணிட்டு இடிச்சுக் கட்டுவோம்" என்றார்.

வீடுகளைக் காலி செய்யும் அளவுக்குப் போனால் இரண்டு கருத்து வேண்டும் என்பது விதி. வரிசைப்படி இருவர் வந்தார்கள். ஒருவர் கண்ணாடிக்காரர், மெலிந்த உருவம், பேச்சும் அப்படியே. மற்றவர் தாடிக்காரர், சுவரைப் பார்க்கும்போதே அதற்கு அனுதாபம் சொல்வதுபோல் தலையாட்டுகிறவர். இருவரும் எதிர்ப்படாமலிருக்கத் தராசு ஓர் ஏற்பாடு செய்தார். காலை பத்து மணி வேளை கண்ணாடிக்காரருக்கு. மாலை வேளை தாடிக்காரருக்கு. பல வாரங்கள் இருவரும் மாறி மாறி வந்து அளந்தார்கள். ஒருவர் காலடி அழிந்த பிறகே மற்றவர் காலடி விழுந்தது.

இரண்டு அறிக்கைகளும் வந்தன. போன ஆண்டு பூசிய சிமெண்ட் விரிசலுக்குள் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது, நூல்கூட நுழையவில்லை, சுவர் அசையவே இல்லை என்றார் கண்ணாடிக்காரர். சிமெண்டுக்கும் கல்லுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி இருக்கிறது, சுவர் நகர்ந்துகொண்டிருக்கிறது, உடனே காலி செய்யுங்கள் என்றார் தாடிக்காரர்.

தலைமைப் பொறியாளர் இரண்டையும் படித்துவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "ஒருத்தன் பொய் சொல்றான். யாருன்னு தெரியல. தெரியற வரைக்கும் ஜனங்கள சுவருக்கு அடியில வெச்சிருக்க முடியாது. காலி பண்ற ஆர்டர் தயார் பண்ணும்மா, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடறேன்."

அன்று மாலையே தராசு அந்தத் தெருவுக்குப் போனார். முடிதிருத்துபவர் ஒரு தலையில் கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தார். விஷயம் அதற்குள் தெருவுக்கு வந்திருந்தது.

"அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போகணுமா, இருக்கணுமா? போகணும்னாலும் பரவால்ல. ரெண்டுங்கெட்டானா நிக்கத்தான் முடியல. என் வீட்டுக்காரி மத்தியானத்திலிருந்து பாத்திரத்த மூட்டை கட்டறா, அவிழ்க்கறா."

"எனக்கே தெரியலண்ணே."

"உங்களுக்கே தெரியலன்னா யாருக்குத்தான் தெரியும்?"

"அதுக்குத்தான் ரெண்டு பேர வெச்சோம். இப்போ ரெண்டு பேருக்கும் தெரியும். அதான் பிரச்சனை."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் சிரித்தார். முடிதிருத்துபவர் சிரிக்கவில்லை. அந்தக் கடைக்கு அவர் மாப்பிள்ளையாக வந்தவர். மாமனார் கையிலிருந்து வாங்கியது. வேறிடத்தில் கடை போட்டால் இந்தத் தலைகள் எதுவும் பின்னால் வராது என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தும் தராசுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு இருவரையும் பல ஆண்டுகளாகத் தெரியும். கண்ணாடிக்காரர் ஒரு பொய்யும் சொல்லமாட்டார். சொல்வதற்கான வார்த்தை அவரிடம் இருக்காது. தாடிக்காரர் அழகுபடுத்துவாரே தவிர, அளவில் கை வைக்கமாட்டார்.

"ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சுக் கேக்க வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"கூடாதுங்க. அது விதி."

"அறிக்கை குடுத்து முடிச்சாச்சுல்ல? இனிமே யாரு யாரக் காப்பியடிக்கப் போறாங்க? பரிட்சை முடிஞ்ச அப்புறமும் பசங்களத் தள்ளித் தள்ளி உக்கார வெக்கிறியே."

தராசு அவரை ஒரு கணம் பார்த்தார். ஸ்டூல் போடாமல் சொன்ன கருத்துதான். ஆனாலும் சரியாக இருந்தது. மறுநாள் தலைமைப் பொறியாளரிடம் அனுமதி வாங்கினார். அதற்கும் அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, அவர் பதவிக்காலத்தில் முதல்முறையாக, இரண்டு ஆலோசகர்கள் ஒரே சுவரின் முன்னால் நின்றார்கள்.

வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மரியாதை குறைந்தது.

"இதுல எங்க சார் நகம் நுழையும்? நுழைச்சுக் காட்டுங்க" என்றார் கண்ணாடிக்காரர். அவருக்கு அது நீளமான வாக்கியம்.

தாடிக்காரர் நகத்தை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. "நான் பாத்தப்போ இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். யாரோ வந்து இறுக்கிட்டுப் போயிருக்காங்க!"

"சுவரையா?"

கடைக்குள்ளிருந்து யாரோ பக்கென்று சிரித்தார்கள். தராசு சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரரின் கருவியை விரிசலின் குறுக்கே பொருத்தச் சொன்னார். வட்ட முகத்தில் ஒரு முள் கொண்ட சின்னக் கருவி. முடியளவு அசைந்தாலும் முள் நகரும். "யாரும் எங்கயும் போகப்போறதில்ல. சாயந்திரம் வரைக்கும் மூணு பேரும் இங்கயே உக்காந்து பாக்கறோம்" என்றார்.

முடிதிருத்துபவர் பெஞ்சை வெளியே எடுத்துப் போட்டார். தேநீர் வந்தது. தராசு முதல்முறையாக ஆலோசகர்களோடு உட்கார்ந்து குடித்தார். என்ன குடித்தோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

வெகுநேரம் முள் அசையவில்லை. பிறகு, யாரும் பார்க்காத ஒரு தருணத்தில், அது நகர்ந்திருந்தது. கடிகாரத்தின் சின்ன முள்போல. பார்க்கும்போது நிற்கும், பார்வையைத் திருப்பினால் போய்விட்டிருக்கும். உச்சி வேளை தாண்டியதும் தாடிக்காரர் மறுபடி நகத்தை வைத்தார். நுனி மட்டும் நுழைந்தது. அவர் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். தூங்கும் பிராணி ஒன்றைத் தொட்டுவிட்டவர்போல.

"காலைல மூடியிருக்கு, சாயந்திரம் தொறக்குது. வெயிலா இருக்குமோ?" என்று முணுமுணுத்தார்.

"வடக்குப் பாத்த சுவர். வெயிலே விழாது" என்றார் கண்ணாடிக்காரர். பிறகு தராசைப் பார்த்துக் கேட்டார். "மேல என்ன இருக்கு மேடம்?"

மேலே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்க அனுமதி இல்லை. வேலையின் எல்லையைச் சுவரின் உச்சிக்கல்லோடு நிறுத்தி எழுதியவர் தராசுதான். அதற்கு மேலிருக்கும் புல்வெளி குடிநீர்த் துறையின் இடம். இன்னொரு துறையின் புல்லைக்கூட மிதிக்கக் கூடாது என்பது அவர் நியாயம். அந்தப் புல்லுக்கு அடியில், நகரத்தின் பாதிக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டி புதைந்திருந்தது.

மூவரும் மேட்டில் ஏறினார்கள். புல்வெளியின் நடுவே ஓர் இரும்பு மூடி. பக்கத்துப் பம்ப் அறையில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் விசாரணைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"தொட்டி எப்போ நிரம்பும்?" என்று கேட்டார் தராசு.

"விடிஞ்சதும் ஊரே குளிக்கும்ல மேடம், பத்து மணிக்கெல்லாம் அடி தட்டிடும். அதுக்கப்புறம்தான் பம்ப் போடுவோம். சாயந்திரம் ரொம்பிடும்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

விஷயம் இவ்வளவுதான். தொட்டி நிரம்பும்போது அந்தத் தண்ணீரின் பாரம் மேட்டை அழுத்தியது. மேடு சுவரை நகத்தளவு தள்ளியது, விரிசல் திறந்தது. காலையில் நகரம் எழுந்து குழாயைத் திறக்கும். லட்சம் வீடுகளில் குளிப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள், குழந்தையின் முகத்தைத் துடைப்பார்கள். பாரம் இறங்கும், மேடு நிமிரும், சுவர் தன் இடத்துக்குத் திரும்பும், விரிசல் மூடும். தொட்டி கட்டிய நாளிலிருந்து ஒருநாளும் தவறாமல் இது நடந்திருக்கவேண்டும். ஒரு நகரம் விழிப்பதையும் ஓய்வதையும் ஒரு கல்சுவர் தன் உடம்பில் வாங்கிக்கொண்டிருந்தது. நகரமோ வருடாவருடம் அதன் வாயில் சிமெண்டை அடைத்துக்கொண்டிருந்தது.

தராசு எதையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்து நம்புகிறவர் இல்லை. மறுநாள் குடிநீர்த் துறையிடம் கேட்டு, பம்ப்பை மதியம் வரை போடாமல் வைத்தார். தலைமைப் பொறியாளரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வெயில் ஏறியது; முள் அசையவில்லை. பம்ப் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முள் புறப்பட்டது. தலைமைப் பொறியாளர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு முள்ளுக்கு ஓர் உயரதிகாரி எழுந்து நிற்பதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்போ ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் மெதுவாக.

"ரெண்டு பேரும் ரெண்டு சுவரப் பாத்திருக்காங்க சார். தப்பு அவங்க மேல இல்ல. வேளையப் பிரிச்சுக் குடுத்தது நான்" என்றார் தராசு.

"இது விழுமா?"

"விழறதா இருந்தா திரும்பி வராது சார்" என்று இரண்டு ஆலோசகர்களும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு காலமாகத் தராசு பயந்த எதிரொலி அதுதான். கேட்க நன்றாகவே இருந்தது. விரிசலில் சிமெண்டை எடுத்துவிட்டு, வளைந்துகொடுக்கும் பொருளால் ஓர் இணைப்பு வைக்கவேண்டும். காலையும் மாலையும் அளந்துவரவேண்டும். வேறொன்றும் தேவையில்லை என்றார்கள். தலைமைப் பொறியாளர் ஆர்டரைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போடாமல் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு தராசு கடைக்குள் எட்டிப் பார்த்தார். "இருக்கலாம்ணே. யாரும் எங்கயும் போக வேண்டாம்."

முடிதிருத்துபவர் கத்தரியைக் கீழே வைத்தார். உள்பக்கம் திரும்பி, "ஏய், மூட்டைய அவிழ்த்துடு. இதுதான் கடைசி" என்று குரல் கொடுத்தார். அப்புறம்தான் அவருக்கு மற்றது உறைத்தது. "அப்படின்னா நான் இங்க முடி வெட்டிக்கிட்டு இருக்கறப்பல்லாம் இது அசைஞ்சுக்கிட்டா இருந்துச்சு?"

"உங்க மாமனார் வெட்டினப்பவும்."

அவர் வெளியே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா."

"யாருக்கும் தெரியாதுண்ணே. எனக்கும் தெரியாது." சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் போய்க் கையை வைத்தார். கல் குளிர்ந்திருந்தது. மேலே பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், கழுத்தில் துணியோடும் பாதி வெட்டிய தலையோடும் வெளியே வந்து, என்ன என்று கேட்டார். முடிதிருத்துபவர் சற்று நகர்ந்து இடம்விட்டார். அவரும் வந்து நின்று, சுவரின் மேல் கையை வைத்தார்.