லிஃப்டா, ட்ரம்மா?

காலி ட்ரம்மில் விழும் மழைத் தண்ணீருக்கு ஒரு சத்தம், பாதி நிறைந்த ட்ரம்முக்கு வேறு சத்தம், வழியப்போகிற ட்ரம்முக்கோ சத்தமே இராது. அடுப்பை விட்டு எழாமலே இந்த வித்தியாசத்தைக் காதால் பிடித்துவிடும் அம்மா, "நெறஞ்சிருச்சு தாயி, மாத்து" என்று குரல் கொடுப்பாள். நான் மழையில் ஓடிப்போய், தகரக் கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயை அடுத்த ட்ரம்முக்குத் திருப்பிவிட்டு, தலை நனைந்ததற்குத் தனியாக ஒரு திட்டும் வாங்கிக்கொண்டு வருவேன். அந்தமானில் வருஷத்தில் பாதி மழைதான், ஆனால் போர்ட் பிளேரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது, கோடையில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நீல நிற பிளாஸ்டிக் ட்ரம் இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது.

அந்த ட்ரம்களை விற்றுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அபர்டீன் பஜாரில், மணிக்கூண்டிலிருந்து இறங்கும் சாலையில், பலகையும் தகரமுமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற கடை வரிசையில் அப்பாவின் கடை இருந்தது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த அப்பா கயிறு, தார்ப்பாய், வாளி, ட்ரம் என்று வைத்து விற்றார். நிக்கோபாருக்கும் மற்ற தீவுகளுக்கும் கப்பல் ஏறப் போகிறவர்கள் ஓட்டமும் நடையுமாக வந்து, மூட்டையைக் கட்டக் கயிறு வாங்கிப் போவார்கள். கடைக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரே அறை, அதுதான் வீடு. கடையில் பேசுவதெல்லாம் வீட்டுக்குள் கேட்கும், வீட்டில் பேசுவதெல்லாம் கடைக்குக் கேட்கும்; சரக்கு வந்துவிட்டால் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவில்தான் அம்மா பாய் விரிப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், மழை ஓய்ந்த சமயத்தில், அந்த வரிசை முழுவதையும் இடித்துவிட்டுப் புதிய கட்டடம் வரப்போகிறது என்ற செய்தி பஜாரில் பற்றிக்கொண்டது. கீழே பெரிய கடைகள், முதல் மாடியில் சின்னக் கடைகள், அதற்கு மேலே வீடுகள். கடை இடிபடுகிற ஒவ்வொருவருக்கும் முதல் மாடியில் ஒரு கடையும் அதற்கு மேல் ஒரு வீடும். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி, லிஃப்ட்! எங்களில் லிஃப்டைக் கண்ணால் பார்த்தவன் பக்கத்துத் துணிக்கடை காதர் மாமாவின் மகன் ஒருவன்தான், சென்னையில் ஏறியிருக்கிறான். "நாம மேல போயிருவோம், வயிறு மட்டும் கீழயே நிக்கும்" என்று அவன் சொன்னதைக் கேட்டு எங்களுக்குத் தூக்கமே போயிற்று. கடைகளுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கரிக்கட்டியால் ஒரு சதுரம் போட்டு, அதுதான் லிஃப்ட் என்று நெருக்கியடித்து நிற்போம். ஒருவர் "கதவச் சாத்து" என்பார், இன்னொருவர் இல்லாத கதவை இழுத்துச் சாத்துவார், எல்லோரும் "ம்ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே மேலே போய், வயிறு கூட வந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

பெரியவர்களுக்கும் அந்த நாட்களில் வேறு பேச்சில்லை. டீக்கடையில், முடிதிருத்தும் கடையில், மீன் வாங்கும் இடத்தில் எங்கும் இதே வழக்கு. தமிழில் தொடங்கி, தெலுங்கர் ஒருவர் வந்து சேர்ந்ததும் ஹிந்திக்கு மாறி, கோபம் தலைக்கேறியதும் அவரவர் தாய்மொழிக்குத் திரும்பிவிடும். எங்கள் வீட்டிலேயே கட்சி இரண்டு. "மொத மாடிக்கு யாரு ஏறி வந்து கயிறு வாங்குவாக? கப்பலுக்குப் போறவன் மூட்டையத் தூக்கிக்கிட்டு மாடியேறுவானா? கீழ இருக்கிற எடமெல்லாம் மெயின்லேண்டுக்காரன் கண்ணாடிக் கடைக்குப் போயிரும், நாம மேல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்பது அப்பா. "ஷாதிபூர்ல என் தங்கச்சி தனி வீட்டுல கதவச் சாத்திட்டுத் தூங்குறா. நான் கயித்துக்கும் தார்ப்பாய்க்கும் நடுவுல கெடக்கேன். எனக்கு ஒரு கதவு வேணும், அம்புட்டுத்தான்" என்பது அம்மா. இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் லிஃப்ட் அம்மாவின் பக்கம் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மா கட்சி.

கட்டடத்தின் கான்ட்ராக்டர், வரப்போகும் வீட்டின் வரைபடத்தை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். பார்த்தவர்களெல்லாம் விஷயம் தெரிந்தவர்கள் போலத் தலையை ஆட்டினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா கோலமாவுக் கிண்ணத்தையும், கடையில் கயிறு அளக்கும் நாடாவையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். வரைபடத்திலிருந்து நான் எழுதி வந்த அளவுகளைப் படிக்கப் படிக்க, அவள் குனிந்த தலை நிமிராமல், வாசலில் கோலம் போடுகிற அதே லாகவத்தில் அந்த வீட்டை முழு அளவில் தரையில் போட்டு முடித்தாள். இது ஹால், இது படுக்கிற அறை, இது சமையல்கட்டு, இது குளியலறை. வாசற்படி வரும் இடத்தில் ஒரு சின்னப் பூவும் போட்டாள். பஜார்ப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். யாரும் கோட்டை மிதிக்கவில்லை. வாசல் வழியாக உள்ளே போய், வாசல் வழியாகவே வெளியே வந்தார்கள். காதர் மாமாவின் மனைவி படுக்கை அறையில் காலை நீட்டிப் படுத்தே பார்த்துவிட்டார். அம்மா சமையல்கட்டில் நின்று இல்லாத அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மிட்டாய்க்கடை வங்காளி அக்காவை நாங்கள் "பௌதி" என்று கூப்பிடுவோம். அவர்தான் நாலாபுறமும் பார்த்துவிட்டு, "ட்ரம் கிதர்?" என்று கேட்டார். அதுதானே, ட்ரம் எங்கே? கடையிலிருந்து ஒரு ட்ரம்மை உருட்டி வந்தோம். குளியலறையில் வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. சமையல்கட்டில் வைத்தால் அம்மா வெளியே நிற்க வேண்டும். ஹாலில் வைத்தால் கதவு திறக்காது. போதாததற்கு, அத்தனை குடும்பத்துக்கும் ஒரே கூரை என்றால் மழைத் தண்ணீரை யார் பிடிப்பது? மெயின்லேண்டில் உட்கார்ந்து வரைந்தவருக்கு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்துவிடும் என்று நினைப்பு. அம்மா தன் வீட்டுக்குள்ளேயே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் சொல்லல?" என்று கேட்க வாயைத் திறந்த அப்பாகூட, அவள் முகத்தைப் பார்த்ததும் ட்ரம்மை உருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

அந்த வாரமே கடைக்காரர்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். மேடையில் ஓர் அதிகாரி, பக்கத்தில் கான்ட்ராக்டர், மேஜைமேல் அட்டையில் செய்த குட்டிக் கட்டடம். ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். கடையில் வாய் ஓயாத அப்பாவுக்கு மேடையைப் பார்த்ததும் ஹிந்தி மறந்துபோய், "சாப்... துக்கான்..." என்று, கடை என்ற ஒரே வார்த்தையோடு இழுத்துவிட்டு உட்கார்ந்தார். அப்போது பின் வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள். "சாப், பானி ரோஜ் நஹி ஆத்தா. ட்ரம் ரக்னே கா ஜகா தோ" என்றாள். ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, "ட்ரம் பேச்னே வாலா கோ நீச்சே ஜகா தோ" என்றாள். தண்ணீர் தினமும் வராது, ட்ரம் வைக்க இடம் கொடு, ட்ரம் விற்கிறவனுக்குக் கீழே இடம் கொடு! அவ்வளவு நாள் அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் அப்பாவுக்கும் சேர்த்து அல்லவா கேட்டுவிட்டாள். கைதட்டலில் கூடம் அதிர்ந்தது.

அதிகாரி கான்ட்ராக்டரைப் பார்த்தார், கான்ட்ராக்டர் அட்டைக் கட்டடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய கடைக்காரர்களைக் கீழே வைத்துவிடலாம், பெரிய கடைகள் மேலே போகட்டும். ஆனால் ட்ரம் வைக்க வேண்டுமென்றால் லிஃப்ட் போகிற இடம் ஒன்றுதான் இருக்கிறது, அதில் மாடிக்கு மாடி தரை போட்டுத் தரலாம் என்றார். "லிஃப்ட் சாஹியே யா ட்ரம்?" லிஃப்ட் வேண்டுமா, ட்ரம்மா என்று அதிகாரி அம்மாவிடமே கேட்டார். நான் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டேன். அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ட்ரம்" என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா, "இம்புட்டு ஹிந்தி எங்கடி படிச்ச?" என்று கேட்டார். "ஒங்க கடைக்குப் பின்னால படுத்துக் கெடந்து படிச்சதுதான்" என்றாள். அப்பா நடுச்சாலையில் நின்று சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எங்கள் லிஃப்டை ட்ரம்முக்குத் தாரை வார்த்துவிட்டாளே என்று அம்மாவோடு சில நாள் பேசாமலே இருந்தேன். கட்டடம் எழும்பியது, அப்பாவின் கடை கீழே சாலையைப் பார்க்க அமைந்தது, எங்களுக்கு மேல் மாடியில் வீடு. குடிபோன அன்று அம்மா கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடியும் சாத்தினாள்.

ஊருக்குப் புதுப் பெயர் வந்தாயிற்று. எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அந்தக் கட்டடமும் கிழடாகி, அதை இடித்துவிட்டு மாலும் அடுக்குமாடி வீடுகளும் கட்டப்போவதாக இப்போது பேச்சு. கைபேசிக்குக் கைபேசி வீடியோ பறக்கிறது, டீக்கடையில் மறுபடியும் ஐந்து மொழிகளில் சண்டை, எனக்கோ ஐந்தாம் வகுப்புக்குத் திரும்பிப் போன மாதிரி இருப்புக் கொள்ளவில்லை. அப்பா அன்று சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறார். முட்டிவலியால் டாக்டரிடம் போவதைத் தவிர வேறெதற்கும் படியிறங்க முடியாத அம்மா, ஜன்னலிலிருந்து பஜாரைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு லிஃப்ட் வேணும், அம்புட்டுத்தான்" என்கிறாள். தகரக் கூரைகள் போய்விட்டன, பௌதியின் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது, முழு வீட்டைக் கோலமாவால் போட்டுப் பார்க்க இடம் தந்த அந்த மைதானம் வண்டிகள் நிறுத்தும் இடமாகிவிட்டது.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை கோலமாவோடு மொட்டைமாடிக்குப் போனோம். ஒரு மாடிதான், அதற்கே அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். கைபேசியில் அளவைப் பார்த்து நான் ஹாலில் தொடங்கப்போக, "அது கெடக்கட்டும், மொதல்ல லிஃப்டப் போடு" என்றாள். "ட்ரம் எங்கம்மா வைக்கிறது?" என்று சீண்டினேன். "அதக் கூட்டத்துல கேட்டுக்குவோம்." சதுரத்தைப் போட்டு முடித்ததும் உள்ளே போய் நின்றுகொண்டாள். அப்பா கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு முறைப்பாக நின்றார். "வர்றீகளா, இல்ல படியேறித்தான் வருவீகளா?" என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், கோட்டை மிதிக்காமல் உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"கதவச் சாத்து தாயி" என்றாள் அம்மா.

சாத்தினேன்.