வைப்பரைச் சோதிக்க இரண்டு ஆள் வேண்டும்

கார் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுபோவது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிறவர்கள், ஐப்பசி மழையில் உத்திரமேரூர் ஏரிக்கரை ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இருந்தது. என் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. மறுநாள் காஞ்சிபுரத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அவர் ஹாரன் அடிக்கச் சொல்வார், லைட்டைப் போடச் சொல்வார், வைப்பரையும் போடச் சொல்வார்.

பாஸாகாவிட்டால் வண்டி எடைக்குத்தான் போகும். வண்டி போனால் நானும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். சென்னையில் இருக்கும் என் மகளிடம் அப்படித்தான் வாயை விட்டிருந்தேன். என் மனைவி இறந்ததிலிருந்து, "தனியா கெடந்து இன்னாப்பா பண்ற, இங்க வந்துடு" என்று அவள் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "எனக்குக் கை கீது, கால் கீது, கார் கீது. எவன் தயவும் வாணாம்" என்பேன். ஒரு நாள் எரிச்சலில், "வண்டி பாஸாச்சின்னா நீ என்னைக் கூப்புடவே கூடாது. ஆகலன்னா நானே மூட்டைய கட்டிக்கினு வரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் யார் மகள்? "சரி, பேச்சு மாறக்கூடாது" என்று போனை வைத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெக்கானிக் பானெட்டைக் கூடத் திறக்கவில்லை. "மோட்டார் அவுட்டு சார், புச்சா போட்டுட்லாம்" என்றார். நாடி பிடிக்காமல் மாத்திரை எழுதுகிற வைத்தியம். நான் ஆயுள் முழுக்க மின்கம்பம் ஏறியவன். கரண்டு எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்ற விடமாட்டேன். வண்டியை வீட்டு வாசலுக்கே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, மோட்டாரின் சாக்கெட்டை உருவி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்துக் கொடுத்தேன். மோட்டார் கழுதைபோல் உழைத்தது, நிற்கவே இல்லை. ஆக, மோட்டாரின் மேல் பழி இல்லை. சாக்கெட்டைத் திரும்பச் செருகி, சீட்டில் உட்கார்ந்து ஸ்விட்சைப் போட்டால் மட்டும் வைப்பர் இரண்டு வீச்சு வீசிவிட்டு நடுவில் நின்றது.

அடுத்த சோதனை எளிது. மோட்டாருக்கு வரும் வயரில் டெஸ்ட் லாம்பைக் கோத்துவிட்டு, வைப்பர் நிற்கிற அந்த நொடியில் விளக்கு எரிகிறதா, அணைகிறதா என்று பார்க்கவேண்டும். எரிந்தால் கோளாறு மோட்டாரின் சாக்கெட்டில், அணைந்தால் அதற்கு முன்னால். ஆனால் தூக்கி நிற்கும் பானெட் மறைப்பதால் சீட்டில் இருக்கிறவனுக்கு விளக்கு தெரியாது. விளக்கைப் பார்க்கிறவனுக்கு ஸ்விட்ச் எட்டாது. இறங்கி ஓடி வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும்.

அந்த இரண்டாவது ஆள் எப்போதும் என் மனைவிதான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆனால் எந்த ஸ்விட்ச் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கம்பத்து வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு முறை உண்டு. கீழே இருக்கிறவன் கரண்டை நிறுத்தினால் மட்டும் போதாது, நிறுத்தியாச்சு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அது காதில் விழாமல் மேலே இருக்கிறவன் கையை நீட்டமாட்டான். அந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். "போடு" என்பேன். "போட்டாச்சு" என்பாள். "நிறுத்து." "நிறுத்தியாச்சு." மிக்ஸி ரிப்பேரோ, கார் ரிப்பேரோ, இதுதான் எங்கள் பேச்சு. மற்ற நேரத்தில் நாங்கள் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை என்றுகூடச் சொல்லலாம்.

அன்றைக்கு நானே ஸ்விட்சை நிறுத்தி, சாவியையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் லாம்பைக் கோக்க முன்னால் வந்தேன். ஆனாலும் மோட்டாருக்கு மேல் கை அந்தரத்தில் நின்றது. உள்ளே போகமாட்டேன் என்றது. யாராவது நிறுத்தியாச்சு என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. என் தெருவில் பகல் நேரத்தில் ஒரு குஞ்சு குளுவான் கிடையாது. நின்றுகொண்டே இருந்தேன்.

லாம்புக்கு நீள வயர் கோத்து சீட்டுக்கே கொண்டுவந்திருந்தால் ஒரே ஆளாகப் பார்த்திருக்கலாம். கரண்டு வேலை தெரிந்தவனுக்கு அது தோன்றவில்லை என்றால் பொய். தோன்றியது. வயர்கூட அலமாரியில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

அப்போதுதான் மீன்காரம்மா டி.வி.எஸ். வண்டியில் வந்தாள். ஏரி மீனைத் தெருத்தெருவாக விற்கிறவள். தினமும் என் வாசலில் ஹாரன் அடிப்பாள், நான் எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"கெண்ட கீதுண்ணா, வெரா கீது. இன்னா ஓணும்?"

"மீன் வாணாம்மா. சித்த நேரம் இந்தக் கார்ல குந்தி ஒரு ஸ்விட்ச்ச போடணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மீன் கைண்ணா. வண்டியெல்லாம் கவிச்சி அடிக்கும்."

"அடிச்சா அடிக்கட்டும்" என்றேன்.

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். ஆள் வந்த தைரியத்தில் லாம்பைக் கோத்துவிட்டு, சாவியைப் போட்டுத் திருப்பி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்விட்சையும் காட்டிவிட்டு நான் பானெட்டுக்கு முன்னால் வந்தேன். "போடு" என்றேன். வைப்பர் ஓடியது, ஆனால் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"பதில் சொல்லும்மா! போட்டா போட்டாச்சின்னு சொல்லணும், நிறுத்தினா நிறுத்தியாச்சின்னு சொல்லணும்."

"அடக் கடவுளே, இதுக்கெல்லாம் டயலாக்கா?" என்று சிரித்தாள். பிறகு சத்தமாக, "போட்டாச்சு!" என்றாள்.

பானெட் மறைத்ததால் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. என் மனைவியின் குரல் மெல்லியது, இவளுடையது தெருவுக்கே கேட்கிற குரல், ஒப்பே கிடையாது. இருந்தும் லாம்பைப் பார்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், வைப்பர் நிற்கவே இல்லை. லாம்பும் அணையவில்லை. நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொல்லி, எத்தனை முறை பார்த்தாலும் சமர்த்தாக ஓடியது. "நல்லாத்தான கீது, இன்னாத்துக்குண்ணா பேஜார் பண்ணிக்கினு கீற?" என்றாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மீன் கை படக்கூடாது என்று அவள் ஸ்விட்சை முழுதாகப் பிடிக்கவில்லை. முந்தானை சுற்றிய இரண்டு விரலால் லேசாக மேலே தூக்கியே பிடித்திருந்தாள். நான் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். கை எடுத்ததும் அது ஒரு நூல் கீழே இறங்கி, உள்ளே தொடர்பு விட்டுப்போகிறது. அவ்வளவுதான் கோளாறு. என் மனைவியும் கண்ணாடி வளையல் இடிக்கக் கூடாதென்று கையைத் தூக்கித்தான் பிடிப்பாள். அவள் இருந்த காலத்திலேயே இந்த மக்கர் உண்டு; சோதிக்க அவள் உட்கார்ந்தபோதெல்லாம் வைப்பர் ஓடியதற்கும், நான் ஓட்டும்போது மக்கர் செய்ததற்கும் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. ரிப்பேர் என்றால் அந்த ஸ்விட்ச் அவள் பக்கத்துச் சாமான். நான் அதைச் சந்தேகப்பட்டதே இல்லை.

மீன்காரம்மாவை இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று சொல்ல ஆசையாக இருந்தது. என்ன காரணம் சொல்வது? மீன் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சமைக்க ஆள் இல்லை என்பதை என் முகத்திலேயே படித்தாளோ என்னவோ, "வாணாம்ணா, உடு" என்று சொல்லிவிட்டு டி.வி.எஸ்ஸைக் கிளப்பினாள்.

ஸ்விட்சைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்த பித்தளைத் தகட்டை நிமிர்த்திப் பூட்டினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெயித்துவிட்டேன். என் வீடு எனக்கு, என் சாவி என் கையில். ஆனால் சந்தோஷம் வரவில்லை. இனிமேல் ரிப்பேர் பார்க்கவும் எதுவும் மிச்சமில்லை, தெருவில் போகிற யாரையும் கூப்பிடவும் காரணமில்லை. உள்ளே போய்ச் சாப்பிடப் பிடிக்காமல் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மழை பிடித்தது. வைப்பரைப் போட்டேன். கை எடுத்தும் அது நிற்கவில்லை. போன் அடித்தது, மகள்தான். வைப்பர் தகராறை முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"இன்னாப்பா, வைப்பர் ஓடிச்சா?"

கண்ணாடியில் தண்ணீரை வழித்து வழித்துத் தள்ளிக்கொண்டிருந்த வைப்பரைப் பார்த்தேன்.

"ஓடல" என்றேன்.

என்னைக் கேலி செய்வாள் என்று நினைத்தேன். "அப்போ காலைல உன்னக் கூட்டிக்கினு போக நான் வரட்டுமாப்பா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வா. பேச்சுன்னா பேச்சுதானே."

"சரிப்பா." வைக்கப்போனவள் நிறுத்தினாள். "அது இன்னாப்பா சத்தம், சரக் சரக்குனு?"

"மழைம்மா" என்றேன்.