வராத லோரிக்கு வாடகை

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கதவை இருவர் தட்டினார்கள். ஒருவர் கழுத்தில் நீதிமன்ற அட்டை தொங்கியது. கூட வந்தவர் கனமான கைப்பை ஒன்றைச் சுமந்திருந்தார். காலை பத்து மணி. நான் கல்யாண ரவிக்கை ஒன்றுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவருடைய நண்பர் காஜாங்கில் சாப்பாட்டுக் கடை போடக் கடன் வாங்கியபோது இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கடை ஆறு மாதம்கூட ஓடவில்லை. நண்பர் போன் நம்பரை மாற்றிக்கொண்டு மாயமானார். தீர்ப்பு எங்கள் தலையில் விழுந்தது. ஆகவே வந்தவர் ஜப்தி செய்ய வந்த பெய்லிஃப் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பயம்தான் இருந்தது. கணவருக்கு என்னைவிட அதிகம். கையிலிருந்த தேநீரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்.

பெய்லிஃப் வீட்டைச் சுற்றி வந்து டிவி, ஐஸ்பெட்டி, சோபா என்று எழுதிக்கொண்டார். பிறகு அதே சோபாவில் உட்கார்ந்து குரலைத் தணித்தார்.

"அண்ணே, இன்னைக்கே பொருளத் தூக்க வேணாம்னு பாக்குறேன். எங்க செலவ மட்டும் குடுத்துருங்க லா. வந்த செலவு நூறு வெள்ளி, லோரிக்கு இருநூறு, சாமான வெச்சுப் பூட்டுற பூட்டுக்கு அம்பது. கேஷாத்தான் வேணும்."

கணவர் உடனே பணம் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் இருபது வருடமாகத் துணி தைக்கிறேன். இல்லாத லைனிங்குக்குக் காசு கேட்பவரின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தேன். நாலாவது மாடியிலிருந்து கார் நிறுத்துமிடம் முழுக்கத் தெரியும்.

"லோரி எங்கண்ணே?"

"ஸ்டாண்ட்பைல இருக்கு."

"எங்க ஸ்டாண்ட்பை? அவ்ளோ தூரத்துல ஜெஞ்சாரோம் ஊர்லயா?"

கைப்பைக்காரர் சிரித்துவிட்டார். பெய்லிஃப் திரும்பி அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சரி, பூட்டுக்கு அம்பது சொன்னீங்களே, அந்தப் பூட்டக் குடுங்க. காசு குடுத்தா பொருள் எங்களுக்குத்தானே?"

"அக்கா, அது ப்ரொசீஜர்."

"ப்ரொசீஜர்னா பில் இருக்கும்ல?"

பில் புத்தகம் ஆபீசில் இருக்கிறதாம். பரவாயில்லை என்று என் தையல் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். 'கழுத்து மாடல்' என்ற கட்டத்தில் லோரி இருநூறு, 'கை நீளம்' கட்டத்தில் பூட்டு ஐம்பது என்று எழுதினேன். வந்த செலவுக்கு 'லைனிங்' கட்டம்தான் மிச்சமிருந்தது. எழுதும்போதே ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆன்டி, வாளியைக் கையில் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எந்த லோரி? கீழ ஒண்ணையும் காணோமே!"

ரசீதைப் பெய்லிஃபிடம் நீட்டினேன். "இதுல உங்க பேரு போட்டு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே. இப்பவே பணம் தரேன்."

உண்மையில் வீட்டில் நூற்றுச் சொச்சம் வெள்ளிதான் இருந்தது. அவர் அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்தார். பேனாவைத் தொடவில்லை. "அப்புறம் வரோம்" என்று எழுந்தார். கைப்பைக்காரர் முந்திக்கொண்டு படியிறங்கினார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

அவர்கள் போனதும் கணவர் என்னைத் திட்டினார். "நாளைக்குப் போலீசோட வந்தா என்ன செய்வ?" எனக்கும் அதே பயம்தான். அதனால் மறுநாள் காலையிலேயே அவரை இழுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி என் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்து மாடல் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். சிரிப்பை அடக்க முடியாமல் மேலதிகாரியிடம் எடுத்துப் போனார்.

அந்த அதிகாரி சிரிக்கவில்லை. ஜப்திச் செலவைக் கடன் கொடுத்து வழக்குப் போட்டவர்தான் முதலில் நீதிமன்றத்தில் கட்டுவார், பிறகு அதில் எங்கள் பங்கு எவ்வளவு என்றாலும் அது நீதிமன்றத் தாளில் எழுதி வரும், வீட்டு வாசலில் யார் கையிலும் ரொக்கம் கொடுக்கக் கூடாது என்றார். புகார் எழுதி வாங்கிக்கொண்டார். அந்த இருவரை அதன்பின் நாங்கள் பார்க்கவே இல்லை.

கடன் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்து வந்த பெய்லிஃப் கண்டிப்பான மனிதர். டிவியையும் சோபாவையும் பட்டியலில் சேர்த்தார். தையல் மெஷினைத் தொட்டுப் பார்த்து, "இது உங்க தொழில் சாமான், எடுக்க மாட்டோம்" என்று விட்டுவிட்டார். ஒரு காசு கேட்கவில்லை. ஏலத்துக்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் தவணைக்குப் பேசி முடித்தோம். இரண்டு வருடம் மாதாமாதம் கட்டினோம். அவ்வளவு ரவிக்கைகள்! நினைத்தால் இன்றும் விரல் வலிக்கிறது.

என் கணவர் இன்னும் எல்லாரிடமும் நன்றாகத்தான் பழகுகிறார். ஆனால் யாராவது தோளில் கை போட்டு, "மச்சான், ஒரு சின்ன உதவி" என்று ஆரம்பித்தால் போதும், சட்டைப் பையிலிருக்கும் பேனாவை எடுத்துச் சத்தமில்லாமல் என்னிடம் கொடுத்துவிடுகிறார்.