அடுப்புக்கு மேல் ஒரு வாரம் தொங்கிய மட்டை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் இருந்துவிட்டுப் போன தொரைமார்களை எனக்கு அவர்கள் விட்டுச்சென்ற டென்னிஸ் மட்டைகளை வைத்துத்தான் தெரியும். ஒருவர் முகத்தையும் நான் சரியாகப் பார்த்ததில்லை. மாற்றலாகிப் போகும்போது நாய்க்கூண்டைக்கூட லொறியில் ஏற்றுகிறவர்கள், மட்டையை மட்டும் பின்னறை அலமாரிக்கு மேல் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிச் சேர்ந்தவை மூன்று. மரத்தில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று, கிராஃபைட்டில் ஒன்று. இப்போதிருக்கும் தொரைக்கு விளையாட்டில் நாட்டமில்லை. பங்களாவில் கோக்கியாக, அதாவது சமையல்காரராக இருப்பவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வேண்டுகிறவர்கள் மட்டையை எடுத்து விளையாடலாம் என்று தொரை அவரிடம் சொல்லிவிட்டார். நோர்வூட்டுக்கு மேலே எங்கள் மலையில் வேண்டுகிறவள் நான் ஒருத்திதான்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஹட்டனில் உயர்தர வகுப்பு படித்தபோது. பள்ளிக்கூடத்தில் கோர்ட் இருந்தது. மாகாண மட்டம் வரைக்கும் ஆடினேன். பரீட்சை முடிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குத் திரும்பிய பிறகு பங்களாக் கோர்ட்தான் கதி. அதன் ஒரு மூலையில் கொங்கிரீட் வெடித்துப் புல் முளைத்திருந்தது. அங்கே விழுகிற பந்து எந்தப் பக்கம் போகும் என்று பந்துக்கே தெரியாது. சரி, மறுபக்கம் நிற்க ஆள் வேண்டுமே. மதியச் சாப்பாட்டுக்கும் சாயந்திரத் தேநீருக்கும் நடுவே மாமாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஓய்வு. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். எப்போதும் மரமட்டைதான் எடுப்பார், அதையும் அகப்பையைப் பிடிப்பது போலத்தான் பிடிப்பார். ஆனால் பந்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"நீ வச்சிருக்கியே அந்த லேசு பேட்டு, அதுல அடிக்கிறது ஈயடிக்கிற மாதிரி இருக்கு, புள்ள. இதுல அடிச்சாத்தான் அடிச்ச மாதிரி" என்பார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. மரமட்டையின் வட்டம் சிறியது, சோற்றுத் தட்டைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். நல்ல கனம். ஆனால் சரியாக நடுவில் பந்து பட்டுவிட்டால், பட்டதே கைக்குத் தெரியாது. பந்து ஒரு கணம் உள்ளே உட்கார்ந்து யோசித்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி இருக்கும். நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பட்டதோ, முடிந்தது கதை. மணிக்கட்டை முறுக்கிப் போட்டுவிடும். அலுமினிய மட்டையிடம் இந்த யோசனையெல்லாம் கிடையாது. காலையில் எடுத்தால் பனிக்கட்டி போலச் சில்லென்று இருக்கும். அடித்தால், காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்களத்தில் தகரத்தைத் தட்டியது போல் ஓர் ஓசை, அந்த அதிர்வு முழங்கையைத் தாண்டிக் கடைவாய்ப்பல் வரைக்கும் வரும். ஆனாலும் நேர்மையான மட்டை. எங்கே அடிக்கிறோமோ அங்கே போகும், ஒரு முழம் கூடவும் போகாது.

கிராஃபைட் மட்டைதான் என் செல்லம். அகன்ற வட்டம், பாரம் பிடியின் பக்கம் இருப்பதால் தலை சட்டென்று திரும்பும். வலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது முகத்துக்கு நேராக வருகிற பந்தை இந்த மட்டையால் தடுக்க முடிகிற மாதிரி மற்ற இரண்டாலும் முடியாது. ஓரத்தில் பட்டாலும் மன்னித்துவிடும். தேயிலைக் களஞ்சியத்துச் சுவரில் கோடு கிழித்து, ஒரே பந்தை மூன்று மட்டைகளாலும் அடித்து அடித்து, எது எவ்வளவு உயரத்தில் போய் மோதுகிறது என்று நானே பார்த்து வைத்திருந்தேன். மட்டையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. வட்டத்துக்குள் பின்னியிருக்கும் நரம்பைப் பற்றி மட்டும் அவ்வளவாக யோசித்ததில்லை. அது நனையக்கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆடி மாத மழையில்தான் அந்தச் செய்தி வந்தது. நுவரெலியாவில் ஒரு கிளப்பில், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் டென்னிஸ் பழக்க ஒரு பெண் தேவை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஆடியவள் அந்த விளம்பரத்தைப் போனில் அனுப்பியிருந்தாள். அன்றைக்கே எழுதிப் போட்டேன். அடுத்த வியாழக்கிழமை வந்து ஆடிக் காட்டச் சொன்னார்கள்.

வீட்டில் வேறு ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் ஒரு புடவைக்கடையில் எனக்கு வேலை பேசி முடித்திருந்தார் அப்பா. அவருக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் இயந்திரத்தில் வேலை. கடை முதலாளி எங்கள் ஆள்தான், இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். அந்த வார முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். கடை மாடியிலேயே தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அங்கே போனால் மட்டையைத் தொடப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நுவரெலியாவில் எடுக்காவிட்டால் மறுபேச்சு பேசாமல் கொழும்புக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது கொஞ்சமும் யோசிக்கவில்லை. என்னை எடுக்காமல் யாரை எடுப்பார்கள்?

பங்களாவிலிருந்து கிராஃபைட் மட்டையை லயத்துக்குக் கொண்டுவந்தேன். அந்த வாரம் முழுக்க விடாத மழை. சுவரே வேர்த்துக்கொண்டிருந்தது. நரம்பைத் தொட்டால் விரலில் ஈரம். எங்கள் பக்கத்தில் எது நனைந்தாலும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. விறகு, சப்பாத்து, தம்பியின் பள்ளிக்கூடக் காற்சட்டை, எல்லாம் அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் பரணில்தான் காயும். மட்டையையும் அங்கே ஓர் ஆணியில் தொங்கவிட்டேன். காலையிலும் மாலையிலும் அடுப்பெரிந்தது, கீழே ரொட்டி வெந்தது, மேலே என் மட்டை காய்ந்தது. புதன்கிழமை இறக்கிப் பார்த்தபோது நரம்பு மொறுமொறுவென்று இருந்தது. எனக்கு அப்படி ஒரு திருப்தி.

வியாழக்கிழமை, பங்களாவுக்கு லீக்ஸும் கரட்டும் வாங்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டு மாமாவும் கூட வந்தார். ஹட்டனில் பஸ் மாறி உட்கார்ந்ததும் முன் சீட்டில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் காசு வாங்கும்போது மட்டைப் பையைக் காட்டி, கருவாடா என்று கேட்டார். மாமா மூக்கைப் பையருகே கொண்டுபோனார்.

"என்னா புள்ள, பேட்ட வாட்டி எடுத்துக்கிட்டு வந்திருக்கியா?"

"ஈரம் போகணும்ல மாமா. ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது."

தலவாக்கலை தாண்டும் வரைக்கும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

கிளப்பில் கோர்ட் காய்ந்து, வெயில் பளிச்சென்று இருந்தது. கிளப் செயலாளர் கம்பளி ஜேர்சி போட்ட சிங்களவர், தன்மையாகப் பேசினார். கண்டியிலிருந்து வந்த ஒரு பெண் ஏற்கனவே ஆடிவிட்டுப் போயிருந்தாள், நன்றாக ஆடினாள் என்று அவரே சொன்னார். அடுத்தது நான். கிளப்பில் உறுப்பினரான ஒரு டொக்டர் அம்மாவோடு கால் மணி நேரம் ஆட வேண்டும். அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது, யாழ்ப்பாணத்துக்காரர் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

முதல் பந்து அவர் தலைக்கு மேலே போய்ப் பின்கம்பியில் மோதியது. பதற்றம் என்று நினைத்தேன். இரண்டாவதும் வெளியே. நோர்வூட்டைவிட இங்கே உயரம் அதிகம், காற்று லேசு, பந்து பறக்கத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். அதற்காகக் கையைச் சுருக்கி அடித்தேன். மூன்றாவது பந்து கம்பியையும் தாண்டி ரோசாப் பாத்திக்குள் விழுந்தது. இன்னும் மெதுவாக அடித்தேன், வலைக்குள் போனது. கம்பிக்கு வெளியே நின்ற மாமா, வீட்டில் இவள் இப்படி ஆடுகிறவள் இல்லை என்று செயலாளரிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசம்.

செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் புடவைக்கடையின் கண்ணாடிக் கதவு கண் முன்னால் வந்தது. கட்டைவிரலால் நரம்பை அமுக்கிப் பார்த்தேன். கட்டில் கயிறு மாதிரி உள்வாங்கியது. ஒரு வாரமாக அடுப்புச் சூடு நரம்பை இளக்கி விட்டிருக்கிறது. மட்டை பந்தை அடிக்கவில்லை, கவண் போல வீசிக்கொண்டிருக்கிறது. ஈரம் போனதும் முறுக்கேறியிருக்கும் என்று நம்பினேன் பாருங்கள், அதுதான் என் படிப்பு.

இரண்டு வழி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் சமாளிப்பது, அல்லது சொல்வது. நான் நேரே வலைக்கு நடந்துபோய், மட்டையை என்ன செய்தேன் என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னேன்.

"அடுப்புக்கு மேலயோ?" என்று கேட்டு அவர் மட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "கருவாடு காயப் போட்ட மாதிரியெல்லோ மணக்குது."

"ஒங்க பேட்ட ஒருக்கா தாங்க டொக்டர். மூணே மூணு பந்து."

அவருடைய மட்டை புத்தம் புதியது. மூன்று பந்துக்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. சட்டம் அலுமினியத்தைவிட விறைப்பு, நரம்பு கம்பி மாதிரி இறுக்கம். பந்து பட்டதும் முழங்கையின் வெளிப்பக்கத்தில் யாரோ சுண்டிய மாதிரி இருந்தது. ஆனால் மூன்று பந்தும் கோட்டுக்கு உள்ளே. அவருடைய பந்துகள் ஏன் எல்லாம் பாதி வழியில் விழுகின்றன என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவர் வலிக்குப் பயந்து கையை முழுசாக வீசுவதே இல்லை.

"இதுல ஆடுனா ஒங்களுக்கு முழங்கை வலிக்கணுமே" என்றேன்.

அவர் வலது முழங்கையைத் தடவினார். மகன் ஆசையாக வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மட்டை, அதனால் வலியை வெளியே சொல்லவில்லை என்று பிறகு சொன்னார். அப்படியே மாற்றிக்கொள்வோம், நீங்கள் என் மட்டையில் ஆடுங்கள் என்றேன். செயலாளர் கம்பியோரம் வந்து நின்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் ஆட்டம். தளர்ந்த நரம்பு, கை வீசாத அவருக்குப் பதிலாகத் தானே பந்தைத் தூக்கிக் கொண்டுபோய்க் கடைசிக் கோடு வரைக்கும் போட்டது. எனக்கு அந்த இறுக்கமான மட்டை வாய்த்தது. பலத்தையெல்லாம் போட்டு அடிக்கலாம், அந்த லேசான காற்றிலும் பந்து உள்ளேதான் விழும். அதிர்வு இருந்தது. இருபத்திரண்டு வயது முழங்கைக்கு அது ஒரு பொருட்டா? கால் மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் நிறுத்தவில்லை.

"எனக்குக் கை நோகேல்லை" என்று டொக்டர் அம்மா செயலாளரைப் பார்த்துச் சொன்னார். சொன்னது தமிழில். பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னார்.

செயலாளர் என்னிடம், முழங்கை விஷயம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். கை சொன்னது என்றேன். இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் தங்களுக்குப் பொருந்தாத மட்டையில்தான் ஆடுவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்தத் துணிவு என்று தெரியவில்லை, கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ரோசாப் பாத்தியில் பந்து பொறுக்கியவள். அவர் சிரிக்காமல் என்னை அறைக்குள் அழைத்துப்போனார். சுவரோரம் உறுப்பினர்களின் மட்டைகள் வரிசையாகத் தொங்கின. சொல் பார்க்கலாம் என்றார்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவந்து அடித்தேன். இதன் தலைப்பக்கம் பாரம், சர்வீஸ் பலமாகப் போடுகிறவருக்குச் சரி, வலைக்கு ஓடி வருகிறவருக்கு ஆகாது. இதன் பிடி மிகவும் பருமன், சின்னக் கைக்காரர் என்றால் இறுக்கிப் பிடித்துப் பிடித்துத் தோள் வலிக்கும். அது செயலாளரின் சொந்த மட்டை என்று எனக்கு அப்போது தெரியாது. பிள்ளைகளுக்கென்று வைத்திருந்தவை எல்லாம் பெரியவர்கள் கழித்துக் கட்டியவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைத் தூக்கவே ஒரு கை போதாது, இதில் பழகினால் தப்பாகத்தான் பழகும் என்றேன். மாமா கம்பிக்கு வெளியிலிருந்து, போதும் போதும் என்று கையைக் காட்டினார்.

சனிக்கிழமை முதல் வரச் சொன்னார் செயலாளர். கண்டிப் பெண் என்னைவிட நன்றாக ஆடினாள், ஆனால் நாங்கள் தேடியது ஆடுவதற்கு ஆள் இல்லை, பழக்குவதற்கு என்றார். வாரத்தில் மூன்று நாள். டொக்டர் அம்மா அதுவரை புகை மட்டையைத் தன்னிடம் விட்டுப் போகச் சொன்னார். அது பங்களாச் சாமான் என்று மாமா முகத்தைச் சுருக்கினார். பதிலுக்கு டொக்டர் அம்மாவின் மட்டையை நான் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் சமாதானமானார்.

பஸ் ஸ்டாண்டில் மாமா லீக்ஸ் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம்.

"மூணு நாளா?" என்றார். "மிச்ச நாளு?"

"மூணு நாளோட ஆரம்பிக்குதுப்பா."

"மூணு நாளு வேலைக்காக வரலைன்னு அந்த மனுசன்கிட்ட நான் எந்த மூஞ்சியோட சொல்றது? நீயே பேசிக்க."

கோபமா இல்லையா என்று அவர் குரலில் பிடிபடவில்லை. நம்பரைச் சொன்னார், அங்கேயே நின்று அடித்தேன். கடை முதலாளி எடுத்தார். வணக்கம் சொல்லி, இன்னார் மகள், நான் வரவில்லை என்றேன். என்ன காரணம் என்றார். டென்னிஸ் பழக்கப் போகிறேன் என்றேன். இந்த இடத்துக்குப் பத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், தெரியுமா என்று கேட்டார்.

"அப்ப நல்லதுங்க ஐயா" என்றேன். "இன்னைக்கே ஒருத்தரக் கூப்பிட்டுருங்க."