குகன் நின்ற ஐந்து நாட்கள்

சில நாட்களுக்கு முன்பு ஒருவர் கொக்குவிலில் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். சாவகச்சேரியில் டயர் கடை வைத்திருப்பவர். வலது கால் செயற்கைக் கால்.

"குகன் அண்ணையின்ரை மாமா நீங்களோ? பேப்பரிலை நினைவஞ்சலி பாத்தனான். நாள் பிழை, ஐயா."

அந்த நாளைக் குறித்தவன் நான்தான். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டு என்னும் நினைவு நூலை எழுதி, அதில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவும் பாடியவன் நான். பிழையாக இருக்கலாம் என்று தெரிந்தே பாடினேன். அதனால் இதை மறுபடி எழுதுகிறேன்.

குகன் என் தங்கையின் ஒரே மகன். வயதில் இளையவரென்றாலும் இறந்தவரை 'அவர்' என்றே எழுதிப் பழகிவிட்டேன்.

வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. சாவகச்சேரிச் சந்தையடியில் சாமான்களோடு அவரை நிறுத்திவிட்டு வீடு தேடிப் போனேன். வழி தவறி, பொழுதுபடத்தான் திரும்பினேன். கொட்டும் மழையில் அதே இடத்தில் நின்றார்.

"ஒதுங்கி நிண்டிருக்கலாமே?"

"நில் எண்டனீங்கள். ஒதுங்கச் சொல்லேல்லையே, மாமா."

பின்பு வன்னிக்குப் போனோம். அங்கே அவர் விரும்பித்தான் போராடப் போனார். தடுத்துப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. இருபத்தைந்து வயதில் காலாட்படையின் சிறு அணியொன்றுக்கு அதிகாரியானார். விடுப்பில் வந்த நாளில் தங்கை சிரித்தாள்.

"பெரிய ஒஃபீசராம். சேட்டிலை பொத்தான் இல்லை!"

"வேணுமெண்டுதான் பிச்சனான். தைக்கிற நேரமெண்டாலும் என்னை ஏசாமல் இருப்பியளெல்லே, அம்மா."

அதுவே கடைசி விடுப்பு. சில வாரங்களின் பின் இயக்கப் பொறுப்பாளர் ஒருவர் படமும் ஒரு தாளும் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை, வளர்பிறை அட்டமி, முன்னணியில் வீழ்ந்தார் என்றிருந்தது. கல்வெட்டு அச்சுக்குப் போகும் முன்னர், கைமாறிக் கைமாறி எனக்கொரு கடிதம் வந்தது. குகனின் எழுத்து. 'இண்டைக்கு ஞாயிறு, வளர்பிறைத் தசமி. எங்களை மாத்த ஆக்கள் வருவினமாம். நிக்கிறம்.'

வெள்ளிக்கிழமை இறந்தவர் ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறார். பொறுப்பாளரிடம் போய், "தம்பி, நாள் சரிதானோ?" என்று கேட்டேன்.

"எங்கடை பதிவிலை பிழை வராது, ஐயா."

மருமகன்தான் நாளை மாறி எழுதிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதத்தை ஒளித்தேன். அட்டமியென்றே அச்சாயிற்று.

வந்தவர் நடந்ததைச் சொன்னார். "வெள்ளிக்கிழமையே மற்ற எல்லாரையும் பின்னுக்கு எடுத்திட்டாங்கள். எங்கள் பதினொரு பேரையும் மண் அணையிலை நில்லுங்கோ, ஆக்கள் வருகினம் எண்டவங்கள். ஒருத்தரும் வரேல்லை. வோக்கியிலை கூப்பிட்டாப் பதிலும் இல்லை. அண்டைக்கே எங்களைச் செத்த ஆக்களெண்டு எழுதிப்போட்டாங்கள். புதன்கிழமை பின்னேரம் காயக்காரர் மூண்டு பேரைக் குகன் அண்ணை பின்னுக்கு அனுப்பினவர். நானும் ஒருத்தன். கடிதத்தையும் எங்களிட்டைத்தான் தந்துவிட்டவர். 'இண்டைக்குப் பிரதோசம், அம்மா சாப்பிட்டிருக்க மாட்டா' எண்டவர். கொஞ்சத் தூரம் ஊர்ந்துபோய்த் திரும்பிப் பாத்தன். விழுந்து கிடந்தார்."

"ஏன் முந்தியே வரேல்லை?"

"பெருமையா நம்பிக்கொண்டிருக்கிற தாயிட்டை என்னெண்டு சொல்லுறது, ஐயா?"

வந்தவர் போன பின்பு கடிதத்தைத் தங்கையிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"அட்டமியிலை என்ரை பிள்ளை உயிரோடை இருந்திருக்கிறான். அப்ப இவ்வளவு காலமும் நான் ஆருக்குப் படைச்சனான், அண்ணை?"

குகனைக் கைவிட்டவர்களை நான் குற்றஞ்சொல்லலாம். ஆனால் அவர்கள் எழுதிய பொய்யை வெண்பாவாக்கியவன் நானல்லவா?

நேற்று பிரதோசத்துக்குரிய வளர்பிறைத் திரயோதசி. முதல் தடவையாகச் சரியான திதியில் திவசம் நடந்தது. தங்கை இப்போது என்னோடு கதைப்பதில்லை. படையலின் பக்கத்தில் பொத்தானில்லாத சேட்டை மடித்து வைத்தாள். அதன்மேல் அந்தக் கடிதத்தையும் வைத்தாள்.

தம்பி குகன், மாற்ற ஆட்கள் வரமாட்டார்கள். நில் என்று முதலில் சொன்னவன் நான், நானே சொல்கிறேன். இனி நிற்க வேண்டாம். போய் வாருங்கள்.