இறங்காத கப்பல்காரன்

எங்கள் தெருவில் எனக்குக் கப்பல்காரன் என்று பேர். ஆம்பூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனியிலோ தோல் பதனிடும் டேனரியிலோ இருப்பார்கள். சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி என்று இருந்தது நான் ஒருவன்தான். விடுமுறையில் வந்தால் வெள்ளை யூனிபார்ம் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வரச் சொல்லி அம்மா பிடிவாதம் பிடிப்பார். ஒரு கிறிஸ்துமஸுக்குப் போட்டுக்கொண்டும் போனேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

தெருவில் யாருக்கும் தெரியாத விஷயம், எனக்கு நீச்சல் சரியாக வராது. சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த கடல்சார் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே குளத்தில் இறக்கிவிட்டார்கள். தூத்துக்குடிப் பையன்கள் இந்தப் பக்கம் குதித்து அந்தப் பக்கம் எழுந்தார்கள். நான் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாதா என்று கேலி வேறு. எங்கள் பாலாற்றில் நாங்கள் கிரிக்கெட்தான் ஆடியிருக்கிறோம். மணல் லாரி போகிற ஆற்றில் எங்கே போய் நீந்துவது? ஏதோ தத்தளித்துத் தேறினேன்.

அங்கே பயிற்சி கொடுத்தவர் பல காலம் கப்பலில் இருந்தவர். அவர் எங்கள் மண்டையில் ஏற்றியது இரண்டு விஷயம். தண்ணீரில் ஒருவர் மாட்டிக்கொண்டால், படகும் உயிர்காப்பு அங்கியும் இல்லாமல் நீ இறங்காதே. இறங்கினால் காப்பாற்ற வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். அடுத்தது, கப்பலிலிருந்து ஆள் விழுந்தால் ஒருவன் வேறெந்த வேலையும் செய்யக் கூடாது. விழுந்தவர் இருக்கிற திசையில் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அலையில் ஒரு தலையைத் தவறவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம். அந்தக் கை சொல்கிற பக்கம்தான் மீட்புப் படகு போகும்.

சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் பாலாறு இரு கரையும் முட்டிக்கொண்டு வந்தது. நான் விடுமுறையில் இருந்தேன். ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. மூடிக் கிடந்த டேனரி ஒன்றிலிருந்து நீல நிறக் கெமிக்கல் டிரம்கள் உருண்டு உருண்டு மிதந்து போயின. அந்த டேனரியின் ஆற்றோரக் கொட்டகைக் கூரைமேல் அதன் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சுற்றிலும் தண்ணீர்.

அவருடைய மகள் ஷூ கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கூட்டத்தில் என்னைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை.

"அண்ணா, நீங்க கடல்லயே இருக்கறவரு. எங்கப்பாவ கூட்டுனு வந்துடுங்க."

அதற்குள் சிலர் லாரி டியூபும் கயிறும் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு பேர் கரை ஒதுங்கிய டிரம்களைத் தெப்பம்போலச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்கள். கயிற்றின் முனை என் கைக்கு வந்தது. நான் இறங்க மாட்டேன் என்றேன். யாரும் இறங்கக் கூடாது என்றேன். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போன ஒருவரைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னா தம்பி, அந்தக் காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்லியா?" என்று அவர் கேட்டார்.

"சொல்லித் தந்தாங்க. எறங்கக் கூடாதுன்னுதான்."

சிலர் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. நான் வேறு வழி தெரியாமல், கற்றுக்கொடுத்தபடி, கூரையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். டிராபிக் போலீஸ் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நடுவில் கூரையின் ஒரு ஷீட் உடைந்து போனது. வாட்ச்மேன் தவழ்ந்து சுவர் ஓரத்துக்குப் போனார். மகள் என் சட்டையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் கையை இறக்கவில்லை, காலையும் எடுக்கவில்லை.

தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் மேற்கிலிருந்து வந்தபோது, வெள்ளத்தில் பாதி முழுகிய கொட்டகைகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. என் கையைப் பார்த்துத்தான் வந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவரைப் பத்திரமாகக் கரைசேர்த்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆகவே நான் செய்தது சரி. எந்தப் பரீட்சையிலும் எனக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அன்று கரையில் எனக்கு முதலில் வந்தது பயம். பாடம் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வித்தியாசம் எனக்கு மட்டும் தெரியும். வெட்கமும் எனக்கு மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு பள்ளி ஆசிரியர் என்னை நிறுத்தினார். மகளைக் கடல்சார் கல்லூரியில் சேர்க்கலாமா, இனிமேல் கப்பல் ஆளில்லாமல் தானாகவே ஓடுமாமே, அந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா என்று விசாரித்தார். எனக்கு வாய் வந்துவிட்டது. வழி பார்ப்பதைத் திரையும் கருவியும் பார்த்துக்கொள்ளும் சார், ஆபத்தில் என்ன செய்யக் கூடாது என்று பழகிய ஆள் கப்பலில் இருந்தே தீர வேண்டும், அதைக் கல்லூரியில்தான் பழக்க முடியும் என்று அளந்தேன். சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அவரும் மதிப்போடு தலையாட்டினார்.

அப்போது வாட்ச்மேன் மகளோடு வந்தார். நேராக வந்து என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உன்ன பார்த்துட்டேன் தம்பி. கைய நீட்டிக்கினே நின்ன பாரு, 'இரு, தோ வரேன்'னு சொல்றன்னு புரிஞ்சிச்சு. ஷீட்டு ஒடஞ்சப்பகூட நான் பயப்படல. நீ எறங்கத்தான் ரெடியாவுறன்னு நெனச்சேன். அதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க."

நான் இறங்க மாட்டேன் என்றதை மகள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஆசிரியர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"ஆமா," என்றேன்.