அம்சா அக்காவின் இரண்டு மணி வகுப்பு

திருத்தணியில் நாங்கள் படித்த பயிற்சி வகுப்பு ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது. மேலே தகரக் கூரை. காலை ஒன்பதரைக்குத் தமிழ், அடுத்தது பொது அறிவு, சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குக் கணக்கு. குரூப் ஃபோர் தேர்வுக்காகச் சேர்ந்திருந்த நாற்பது பேரில் பாதிப் பேர் அந்த இரண்டு மணி வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவோம். அம்சா அக்கா மட்டும் நிஜமாகவே தூங்கிவிடுவார்.

நான் ஜெயப்பிரகாஷ். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவேன். மூன்றாவது வரிசையில் அவருக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஊர் பள்ளிப்பட்டு. வீட்டில் நான்கு விசைத்தறிகள். அவரும் கணவர் முரளிதரனும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணம். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்த பிறகு, அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவர்.

"எதுக்குக்கா கவர்மெண்ட் வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கரண்டு இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணாந்தேதி வர்ற சம்பளம் ஒண்ணு வீட்ல வேணும்பா" என்றார்.

காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, பெண்களைப் பள்ளிக்குக் கிளப்பி, ஏழரை மணி பஸ்ஸைப் பிடிப்பார். வகுப்புக்கு ஒருநாள் கூடத் தாமதமாக வந்ததில்லை. தமிழிலும் பொது அறிவிலும் எங்களில் அவர்தான் முதல். கணக்கில் மட்டும் மாதிரித் தேர்வுக்கு மாதிரித் தேர்வு இருபத்தைந்துக்கு ஒன்பது, பத்து. வேணு சார் பலகையில் தனிவட்டியை எழுதிக் கூட்டுவட்டிக்குப் போவதற்குள் அக்காவின் தலை சாய்ந்திருக்கும். பேனா நோட்டில் ஒரு நீண்ட கோட்டை இழுத்துக்கொண்டே போகும். அவரை எழுப்ப எனக்கு மனசு வராது. சாரும் எழுப்பமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வகுப்பில் வேடிக்கை பேசும் பூபாலன் அவர் தூங்குவதைப் படம் பிடித்து, தாலாட்டுப் பாட்டைச் சேர்த்து, வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். சிரிக்கும் முகங்களாக வந்து குவிந்தன. அக்கா அதை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பார்த்திருக்கிறார். மறுநாள் வழக்கம் போல முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். கண் மட்டும் வீங்கியிருந்தது.

அன்று மதியம் நான் கீழே இறங்கி, பையன்கள் தூக்கம் வராமலிருக்கக் குடிக்கும் எனர்ஜி டிரிங்கில் ஒரு டப்பா வாங்கி வந்து அவரிடம் கொடுத்தேன். "இதக் குடிங்கக்கா. தூக்கமே வராது." நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரம் அற்புதம்தான். அக்கா கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் ஒரு டப்பா போதவில்லை. மூன்றாம் வாரம் இரவில் படுத்தால் தூக்கம் வரவில்லை என்றார். அதனால் காலையில் கூடுதலாக ஒரு டீ. ஒரு சனிக்கிழமை மாதிரித் தேர்வில் விடைத்தாளின் வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். பேனா பிடித்த விரல்கள் நடுங்கின. மை வட்டத்துக்கு வெளியே வழிந்தது.

"ஜே.பி., நெஞ்சு தறி மாதிரி அடிச்சிகினு இருக்குதுப்பா" என்றார்.

ஆட்டோவில் அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பணியில் இருந்தவர் கவிதா என்ற டாக்டர். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதயம் நல்லாத்தான் இருக்கும்மா. காலையில இருந்து இன்னா இன்னா குடிச்சீங்க?"

அக்கா விரல் விட்டுச் சொன்னார். "நாலு டீ. அப்புறம் இந்த டப்பா மூணு."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"நேத்து ராத்திரி எவ்ளோ நேரம் தூங்குனீங்க?"

"மூணு மணி நேரம் இருக்கும்ங்க. மத்த நாள்ல அஞ்சு. பதினொண்ணு வரிக்கும் தறி ஓடும். செவுத்துக்கு இந்தாண்டதான் நாங்க படுப்போம்."

டாக்டர் ஈசிஜி தாளை மடித்து ஓரமாக வைத்தார். "நல்லா தூங்குனவங்களுக்கே ரெண்டு மணிவாக்குல மந்தமாத்தான் இருக்கும். உடம்போட பழக்கம் அது. நீங்க தூங்காமயே வந்து உக்காந்துகினு, தூக்கம் வருதேன்னு உங்களயே திட்டிக்கிறீங்க."

அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூங்குமூஞ்சி, சோம்பேறி என்று தன்னைத்தானே பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அது குற்றமில்லை என்று முதன்முதலில் ஒருவர் சொல்லிக் கேட்கிறார்.

"கணக்கு வகுப்பு ரெண்டு மணிக்குத்தான் வெக்கிறாங்க. நான் இன்னா பண்ணட்டும்ங்க?"

"மொதல்ல ராத்திரி ஏழு மணி நேரம் தூங்குங்க. அது இல்லாம மத்த எதுவும் வேலைக்காவாது. மத்தியானச் சோத்தக் கொறச்சிகினு பயிறு, முட்டைன்னு சேத்துக்குங்க. சாப்ட்டதும் பத்து நிமிசம் நடங்க. முடிஞ்சா கால் மணி நேரம் கண்ண மூடுங்க, அலாரம் வெச்சிகினு. அதுக்கு மேல போனா எழுந்ததும் இன்னும் மந்தமாயிடும். டப்பா வேணாம். மத்தியானத்துக்கு மேல டீயும் வேணாம்."

அன்று மாலை வீட்டில் நடந்ததை அக்கா பிறகு என்னிடம் சொன்னார். முரளிதரன் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாராம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் தனக்கென்று அவரிடம் எதையும் கேட்டதில்லை என்பதால், வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் தயங்கி நின்றிருக்கிறார் அக்கா.

"பாவா, பத்து மணிக்குத் தறிய நிறுத்திடலாமா?"

அவர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பினார். "இத முன்னாடியே கேட்டிருக்கலாமே அம்சா. நீ பாட்டுக்குப் படுத்துடற, தூங்கறன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

அன்றிலிருந்து ஒன்பதரைக்கே தறி நின்றது. காலையில் உலை வைக்கும் வேலையும் அவருடையதாயிற்று. சோறு சில நாள் குழைந்தது, சில நாள் அடிப்பிடித்தது. அக்கா ஐந்தரை வரை தூங்கினார்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. டப்பாவை விட்ட முதல் மூன்று நாள் அவருக்குத் தலை பிளந்தது. நான்காம் நாள்தான் ஒரு சின்ன நோட்டில் எழுத ஆரம்பித்தார்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூக்கம் வந்தது, என்ன செய்தேன். முகம் கழுவினால் ஏழு நிமிடம் தாங்குகிறது. பச்சை மிளகாயைக் கடித்தால் கண்ணில் தண்ணீர்தான் வருகிறது. டிபன் பாக்ஸ் நிறையப் புளிசோறு சாப்பிட்ட நாளில் இரண்டு பத்துக்கே கண் சொருகுகிறது. பாதிச் சோறும் சுண்டலும் என்றால் மூன்று வரை தாங்குகிறது.

நடப்பதுதான் சிக்கலாக இருந்தது. அது சித்திரை மாதம். மதியம் ஒன்றரைக்குத் திருத்தணித் தெருவில் நடந்தால் தூக்கத்தோடு சேர்ந்து உயிரும் போய்விடும். அக்கா மாடிப்படியைப் பார்த்தார். மூன்று மாடி, அறுபத்திரண்டு படி, நல்ல நிழல். சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக இறங்கி ஏறுவார். நானும் கூடவே நடந்தேன். டப்பா வாங்கிக் கொடுத்த குற்ற உணர்ச்சி என்னை விடவில்லை. முதல் மாடியில் கடை வைத்திருந்த தையல்காரர் நான்காம் நாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எதனா தொலச்சிட்டீங்களா?"

"ஆங், தூக்கத்த தொலைக்கத்தாங்க பாக்கறோம்" என்றார் அக்கா.

ஏறி வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர், பிறகு மேஜை மேல் தலை சாய்த்துக் கால் மணி நேரத் தூக்கம். என் போனில் அலாரம் அடிக்கும். அப்படியும் சில நாள் வகுப்பு நடுவே கண் சொக்கியது. ஒருநாள் அக்கா எழுந்து நின்றார்.

"சார், பின்னாடி செவுத்தாண்ட நின்னுகினு கேக்கலாமாங்க? உக்காந்தா தூக்கம் வருது."

வகுப்பு சிரித்தது. வேணு சார் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"நான் நின்னுகினு நடத்தறேன், அதான் தூங்கல. உக்காந்துகினு இருந்தா நானுந்தான் தூங்குவேன். நில்லுங்கம்மா."

அந்த வாரம் முழுவதும் அக்கா சுவரோரம் நின்று, நோட்டை ஜன்னல் திண்டில் வைத்துக் கணக்குப் போட்டார். அடுத்த திங்கட்கிழமை அவர் பக்கத்தில் இன்னொருவன் வந்து நின்றான். பூபாலன். இரண்டு நாள் தன் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், "அந்த வீடியோவ அன்னிக்கே அழிச்சிட்டேன்கா. தப்புதான்" என்றான்.

"சரி சரி, இந்தக் கணக்குல விகிதம் எப்படி வந்துச்சு, சொல்லு" என்றார் அக்கா.

பிறகு வேணு சாரே, அக்கா தூக்கத்தைக் குறித்து வைத்த அந்தச் சின்ன நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இரண்டு மணி வகுப்பின் முறை மாறியது. ஒன்றே முக்காலுக்கு எல்லோருக்கும் கால் மணி நேர ஓய்வு. பஸ்களின் ஹாரன் சத்தத்துக்காக மூடி வைத்திருந்த ஜன்னல்களைத் திறந்தோம். சார் ஒரு மணி நேரம் பேசுவதை விட்டுவிட்டு ஐந்து கணக்கைப் பலகையில் எழுதுவார். இருவர் இருவராகப் போட்டு, எழுந்து வந்து விளக்க வேண்டும். வாய் திறந்து பேசுகிறவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? ஒருசிலர் அப்போதும் தூங்கினார்கள். அவர்களிடம் சார் தனியாக, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலும் போன்தான் காரணம்.

தேர்வுக்கு முந்தின வாரம் பூபாலன் கிண்டல் செய்தான். "பரீட்ச காலையில ஒம்பதரைக்குக்கா. மத்தியானத்தோட இவ்ளோ சண்ட எதுக்கு?"

"எழுதறது காலையிலதான்டா. கத்துகினது மத்தியானத்துலதான?" என்றார்.

அந்தத் தேர்வில் கணக்கில் இருபத்தைந்துக்கு இருபத்தொன்று எடுத்தார் அக்கா. முடிவு வந்த நாளில் முரளிதரன் நான்கு தறிகளையும் நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையோடு தெருவில் இறங்கி எல்லோரிடமும் சொன்னாராம். இப்போது ஓர் ஒன்றிய அலுவலகத்தில் அக்கா இளநிலை உதவியாளர். மூத்த பெண் பத்தாம் வகுப்பு. அவளுக்கு வீட்டில் படுக்கும் நேரம் ஒன்பதரை, அதில் பேச்சே கிடையாது.

எனக்கு அந்த முறை கிடைக்கவில்லை. நான்கு மதிப்பெண்ணில் போயிற்று. வீட்டில் யாரிடமும் பேசாமல் கிடந்தபோது அரக்கோணத்துக்கே வந்து, "கெளம்பு, திங்கட்கிழமை வகுப்பு தொடங்குது" என்றார் அக்கா. கிளம்பினேன். இந்த முறை என் பெயரும் பட்டியலில் இருக்கிறது. நாளை சென்னையில் கலந்தாய்வு. எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது என்று எனக்கு இன்னும் குழப்பம். கூட வருவதற்காக அக்கா அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். காலை ஐந்தே முக்கால் வண்டிக்குத் திருத்தணியில் ஏறுகிறாராம்; பெண்கள் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் எனக்கும் சேர்த்து இடம் பார்த்து வைப்பாராம், அரக்கோணத்தில் நான் அதில் ஏறிக்கொள்ள வேண்டுமாம்.